மிஸ்ஸின் கொப்பி

கரடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஸ் எப்படிப்பட்டவர் என்பதை அதைவிடச் சுருக்கமாக விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

வஸ்கமுவ வனவிலங்குப் பார்க்குக்குள் எங்கள் ஜீப் ஒரு வளைவில் திரும்பியபோது, முன் ஆசனத்தில் இருந்த வழிகாட்டி "வலஹா! வலஹா!" என்று கையை நீட்டினார். கரடி. பாதையிலிருந்து ஒரு வீட்டு முற்றத் தூரம்தான். கறுப்பாக, தோளைக் குலுக்கிக் குலுக்கிக் கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. நான் கண்டேன். என் மனைவி கண்டாள். சாரதி கண்டான். அந்த நேரம் பார்த்து மிஸ் மற்றப் பக்கத்து மரத்தில் ஒரு செண்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பியபோது கரடி மறைந்த புதர்ப் பற்றை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மிஸ் கண்டதையெல்லாம் பதிகிற கொப்பியில் நான் 'கரடி' என்று எழுதப் போனேன்.

"எழுதாதேங்கோ நானா."

"மிஸ், நாங்க எல்லாரும் கண்டோமே!"

"நீங்கள் கண்டனீங்கள். நான் காணேல்லை. இது என்ர கொப்பி."

வழிகாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் பொய் சொல்வதாக மிஸ் நோனா நினைக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். மிஸ் மிகப் பணிவாக, தனக்கு அப்படியொரு சந்தேகமும் இல்லை, கரடி நிச்சயமாக நின்றிருக்கும், ஆனால் தன் கண்ணுக்குத் தெரிந்தது பற்றை ஆடியது மட்டும்தான் என்று அதே சிங்களத்தில் சொன்னார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கரடிக்காகத் தவம் கிடக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் போய் வந்த மிஸ்ஸின் கொப்பிகளில் ஒரு கரடிகூடக் கிடையாது. அன்றைய பக்கத்தில் 'செண்பகம், 1' என்று இருக்கிறது.

மிஸ் என்றதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கந்தோரில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் மிஸ்தான், என்னைப் போன்ற முஸ்லிம் ஆண்கள் எல்லோரும் நானாதான், அண்ணன் என்ற மாதிரி. இவர் மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் வரைந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் உத்தியோகத்துக்கு வந்தவர். அப்படி வருகிறவர்கள் மாற்றம் கிடைத்தால் போதும் என்று ஊருக்கு ஓடுவார்கள். இவர் ஓய்வு பெற்ற பிறகும் மாத்தளை டவுனில் அதே வாடகை மேல்மாடியில்தான் இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் ஊருக்குப் போகவில்லை என்று என் மனைவி ஒரு தடவை கேட்டபோது, "அங்கை காடு இல்லைத் தங்கச்சி" என்றார். அது முழுக் காரணமாக இருக்காது. நாங்கள் துருவவில்லை.

உக்குவளையில் எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. ரயில் பாதைக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும். மிஸ் முதலில் அங்கே வந்தது ஒரு தண்ணீர்க் குழாய்க்குக் கிளிப் வாங்க. "அரை இஞ்ச் போதும், ஆனா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தினார். அந்த விரலில் என்ன அதிகாரம் இருந்ததோ, கடையில் நின்ற நாலைந்து பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த பையன்கூடக் கையை நிறுத்திவிட்டான்.

"பூக்கொத்தி," என்றார். "உங்கட ஜாம் மரத்தில. இதைவிடச் சின்னக் குருவி இந்த நாட்டிலயே இல்லை, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. பின்பக்கத்து ஜாம் மரத்தில் டிக் டிக் என்று கேட்கும் அந்தச் சத்தத்தை, அதுவரை அணில் என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே போய் நிமிர்ந்து பார்த்தால் என் பெருவிரல் அளவுக்கு ஒன்று பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வயதுவரை ஒரு மரத்தடியில் வியாபாரம் செய்துவிட்டு, மரத்தில் இருப்பது இன்னாரென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்படித்தான் நான் மிஸ்ஸோடு ஒட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வேனை எடுத்தால், டவுனில் மிஸ்ஸை ஏற்றி, இரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் மலை ஏறி இறங்கி, வில்கமுவ வயல்வெளிக்கு வரும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். அங்கிருந்து ஜீப். நானும் அவருமாகத் தனியாகப் போனால் ஊர் சும்மா இருக்காது என்பதால் மனைவியும் வருவாள். முதலில் முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், பிறகு முட்டை ரொட்டியும் இஞ்சித் தேத்தண்ணீரும் கட்டிக்கொண்டு எனக்கு முன்பே வேனில் ஏறிவிடுவாள்.

வேலை ஒழுங்கு இப்படி. மிஸ் கண்ணிலிருந்து தொலைநோக்கியை எடுக்காமல் சொல்லிக்கொண்டே போவார், நான் எழுதுவேன். கொப்பியில் அவர் முதல் நாளே கோடு போட்டு வைத்திருப்பார். படம் வரைந்த கையல்லவா, கோடு என்றால் கோடு. ஒரு பக்கம் 'கண்டது', மற்றப் பக்கம் 'கேட்டது'. மூன்றாவது பக்கம் கிடையாது. யானைக் கூட்டம் வந்து மற்ற ஜீப்புகளில் எல்லோரும் கூச்சல் போடும்போது, இவர் உதடு அசையாமல் தாய்களின் காலுக்கிடையில் நிற்கும் குட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். பக்கத்து ஜீப்காரர் முப்பது என்றால் இவர் இருபத்தேழு என்பார். நான் இருபத்தேழு என்று எழுதுவேன்.

நிற்கிற இடங்களும் மாறாது. ஓயா என்கிற சிற்றாற்றைக் கடக்கிற இடத்தில் இருபது நிமிடம். "தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்று தமிழிலேயே சொல்வார், சாரதிக்கு அது மட்டும் விளங்கும். இறங்கக் கூடாது, கதைக்கக் கூடாது. மிஸ்ஸின் விரல் ஏறும், பெயர் வரும், நான் 'கேட்டது' பக்கம் எழுதுவேன். அந்த இருபது நிமிடங்களில் நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கப் பழகிவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. விரல் ஏறும்போது என்ன சத்தம் வந்தது என்று கவனித்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் வேனில் வைத்துக் கொப்பியைப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு "இருக்கு" என்பார், பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பேர் கூப்பிடுவதுபோல. மயில், இருக்கு. மரை, இருக்கு. மாங்குயில், இருக்கு. மனைவி பின்னால் சிரிப்பாள். "மிஸ், நாளைக்கு அது வரலன்னா உம்மா வாப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லுவீங்களா?" மிஸ்ஸும் சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வேனுக்குள் மட்டும்தான்.

ஒரு தடவை ஓயாக்கரையில் எஞ்சின் நின்றதும் சின்ன மீன்கொத்தி கத்தியது. நீலமாக, கைக்குள் அடங்குகிற அளவு பறவை. அது கத்துவது ஊசியால் குத்துகிற மாதிரி மெல்லிய விசில். எனக்கு நன்றாகக் கேட்டது. பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு விரலைப் பார்த்தேன். விரல் ஏறவில்லை. வேறு யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் கத்தியது. மிஸ் எதிர்க்கரையையே கூர்ந்து பார்த்துக்கொண்டு, கேட்பதற்காகக் காத்திருந்தார். திரும்பும்போது பார்க் வாசலில் வெள்ளைக்கண்ணிக் குருவிக் கூட்டமொன்று தலைக்கு மேல் சிணுங்கிக்கொண்டு போனது. அதற்கும் விரல் அசையவில்லை. செண்பகத்தின் ஊப் ஊப் அவருக்குக் கேட்டது, கௌதாரி கேட்டது, யானை உறுமியது கேட்டது. மெல்லிய சத்தங்கள் மட்டும் அவரை விட்டுப் போயிருந்தன.

அன்று வேனில் இடாப்புப் படித்து முடித்துவிட்டு, கொப்பியை மடியில் மூடி வைத்தார். பிறகு, "சின்ன மீன்கொத்தியைக் காணேல்லை நானா," என்றார். "போன தரமும் இல்லை. ஓயாவில என்னவோ பிழை. தண்ணிக்கு வயல் மருந்து வருதோ தெரியாது. எல்லாம் ஒவ்வொண்டாப் போகுது." அவருக்குத் தன் காது போகிறது என்று தோன்றவே இல்லை. காடு போகிறது என்று நினைத்தார்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒரு மனிதரிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அதுவும் அந்தக் காதை நம்பியே வாழ்கிறவரிடம்? நான் கோழை, வேறொன்றுமில்லை.

அடுத்த பயணத்தில் மீன்கொத்தி கத்தியபோது நானே எழுதிவிட்டேன். 'கேட்டது' பக்கத்தில், மற்றப் பெயர்களுக்கு நடுவில், அதே கையெழுத்தில். பொய் எழுதவில்லையே, பறவை உண்மையாகவே இருந்ததே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். திரும்பும்போது மிஸ் படித்துக்கொண்டு வந்து அந்த வரியில் நின்றார்.

"இதை நான் சொன்னனானோ?"

"சொன்னீங்க மிஸ்."

ஒரு நாளில் அறுபது எழுபது பெயர் சொல்கிறவருக்கு எதைச் சொன்னோம், எதை விட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைவிருக்காது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கு!" என்று சத்தமாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் மூன்று வருடம் எழுதினேன். பூக்கொத்தி, வெள்ளைக்கண்ணி, மீன்கொத்தி என்று அவருக்குக் கேட்காததையெல்லாம் எழுதினேன்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அவங்கட கொப்பில நீங்க ஏன் எழுதுறீங்க?" என்று வீட்டில் வைத்துக் கேட்டாள். "கரடியையே எழுத விடாத மனுசி. தெரிஞ்சா தாங்குவாங்களா? காது டொக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்." நான் அவளையும் தடுத்துவிட்டேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

பிடிபட்டது வாலாட்டியில். சாம்பல் வாலாட்டி குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கே வெகுதூரத்திலிருந்து நம் நாட்டுக்கு வருவது. சித்திரைக்கு முன்பே திரும்பிப் போய்விடும். மிஸ்ஸோடு திரிகிற யாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்று ஓயாக்கரையில் மெல்லிசாக என்னவோ கேட்டது, கை பழக்கத்தில் 'வாலாட்டி' என்று எழுதிவிட்டது. ஜூலை மாதம். மூன்று வருடமாக அவருக்காகக் கேட்டுக் கேட்டு, எனக்கே மெத்தனம் வந்துவிட்டிருந்தது. அன்று திரும்பும் வழியெல்லாம் மழை. வேனில் இடாப்புப் படிக்கவில்லை. மிஸ் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் உக்குவளைக்கு வந்து இறங்கினார். வாங்க வந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு கொப்பியை விரித்து என் முன்னால் வைத்தார்.

"இது என்ன நானா?"

"வாலாட்டி, மிஸ்."

"யூலை மாசத்திலயோ? எனக்கு வயசு போகுதுதான். ஆனா யூலையில வாலாட்டி எண்டு சொல்லுற அளவுக்கு இன்னும் போகேல்லை."

கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லல்ல மிஸ். நானா எழுதினது."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"என்னமோ கேட்டிச்சு. மெல்லிசா. வாலாட்டின்னு நெனச்சிட்டேன்."

"எனக்குக் கேக்கேல்லையோ?"

நான் மேசையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எவ்வளவு காலம்?"

"மூணு வருஷம் மிஸ்."

முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய கொப்பிகளை எடுத்து, அந்த மூன்று வருடத்தையும் பிரித்து வைத்தார். எல்லாவற்றையும் கொண்டு வந்திருக்கிறார் என்றால் பஸ்ஸில் வரும்போதே பாதி ஊகித்திருக்க வேண்டும். பென்சிலை என் கையில் தந்தார். "நீங்கள் போட்டது எதெது எண்டு அடையாளம் வையுங்கோ. மிச்சம் என்ரதாவது இருக்கட்டும்."

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து. மீன்கொத்தி, மீன்கொத்தி, மீன்கொத்தி. இதில் எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது? தொடக்கத்தில் அவருக்குச் சில நாள் கேட்டும் இருக்கிறது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"ஞாபகமில்ல மிஸ்."

"அப்ப மூண்டு வருசமும் போச்சுது," என்றார்.

கடையில் விற்கிற இரும்பு அடிமட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். 'கேட்டது' பக்கங்களை ஒவ்வொன்றாக, மூலையிலிருந்து மூலைக்கு, நேராகக் கோடு இழுத்து வெட்டினார். அரைமணி நேரம் எடுத்தது. இடையில் சாமான் வாங்க வந்தவர்களைப் பிறகு வரச் சொல்லி அனுப்பினேன். என் கண்ணெதிரே ஒருவருடைய மூன்று வருடத்தை, என்னால், அவரே அழித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோவமா மிஸ்?"

"இல்லை. நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்." கொப்பிகளை அடுக்கிப் பையில் வைத்தார். "ஆனா நானா, எனக்குக் கேக்கேல்லை எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது. தெரிஞ்சிருந்தா, இன்னும் கொஞ்சமாவது கேட்ட அந்தக் காலத்தில நல்லா வடிவாக் கேட்டு வச்சிருப்பன்."

அவர் போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி சோறு போட்டு வைத்தாள், என்னால் சாப்பிட முடியவில்லை. இன்றைக்கும் மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வசனம்தான். பறவைகளை நான் அவருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கேட்கிற சந்தர்ப்பத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.

கண்டியில் காது டொக்டரிடம் போனார். என் மனைவிதான் கூடப் போனாள். மெசின் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து ஜாம் மரத்தடியில் நின்று பார்த்தார். காற்றும் ரயிலும் அடுத்த கடை றேடியோவும் எல்லாம் ஒரே கீச்சாகக் கேட்கிறது என்றார். கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அப்பிடிக் கேட்டாலும் அது மெசின் கேட்டதெல்லோ?" என்று கேட்டார். "அதை எந்தப் பக்கத்தில எழுதுறது?" நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மிஸ் பெட்டியைப் பைக்குள் போட்டார்.

இனி என்னோடு வரமாட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன். ஒரு மாதம் கழித்து டெலிபோன் எடுத்து, "இந்தச் சனிக்கிழமை வசதிப்படுமோ?" என்று கேட்டார். வேனில் ஏறியதும் புதுக் கொப்பியை என் கையில்தான் தந்தார். விரித்துப் பார்த்தேன். நடுவில் கோடு இல்லை. 'கண்டது' மட்டும் இருந்தது. அந்த வெறுமையான தாளைவிட, அவர் அதை மறுபடியும் என் கையில் தந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்படி ஏழெட்டுத் தடவை போயிருப்போம். பிறகு நெஞ்சில் நோய் வந்து, யாழ்ப்பாணத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனார். போன வருடம் அங்கேயே காலமானார். தங்கச்சியின் மகள் டெலிபோனில் சொன்னாள். கொப்பிகளை எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து அதைப் பார்க்க வந்த ஒரு பிள்ளை, இவ்வளவு ஒழுங்கான பதிவில் மூன்று வருடம் மட்டும் ஏன் வெட்டியிருக்கிறது என்று கேட்டது. நான்தான் காரணம் என்று சொன்னேன்.

கடைசியாகப் போன நாளில், வழக்கம்போல ஓயாக்கரையில் சாரதி எஞ்சினை நிறுத்தினான். 'கேட்டது' பக்கம் போன பிறகும் அந்த இருபது நிமிடத்தை மிஸ் விடவில்லை. தண்ணீர் குறைந்து கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. எதிர்க்கரையில் மந்திகள் இரண்டு தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

"இப்ப ஏதும் கத்துதோ நானா?"

அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கீழ்ப்பக்கம், ஓயா வளைந்து மறைகிற இடத்தில் மீன்கொத்தி கத்திக்கொண்டிருந்தது.

"ஓம் மிஸ். சின்ன மீன்கொத்தி. அந்த வளைவுக்கு அங்கால."

தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி என் மனைவியிடம் கொடுத்தார். ஜீப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "கத்திற நேரம் சொல்லுங்கோ. எனக்கு ஏதும் வருதோ பாப்பம்."

"இப்ப," என்றேன்.

அவர் அசையவில்லை.

"இப்ப... இப்ப, மிஸ்."

முகத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். விழுந்துவிடாமல் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் சத்தம் நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தண்ணீர் கல்லில் படுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மிஸ்ஸின் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. தூரத்தில் எங்கேயோ ஒன்று கேட்கப்போகிறது என்பதுபோல அவர் முகம் ஆகிக்கொண்டு வந்தது. பறவை கத்தாவிட்டாலும், இன்னொரு தடவை நான் "இப்ப" என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். மனைவி என்னைப் பார்த்தாள்.

"போயிட்டுது மிஸ்," என்றேன்.